இரத்தப் புரதம் 9.1: எந்தக் குறியீட்டை இடுவது?

[திரையில்: இரண்டு ஆய்வக அறிக்கைகள், அருகருகே]

வணக்கம். திரையில் இருவருடைய இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் இருக்கின்றன. இரண்டிலும் மொத்தப் புரதம் டெசிலிட்டருக்கு 9.1 கிராம். பெரும்பாலான ஆய்வகங்கள் 6 முதல் 8.3 வரையிலான அளவை இயல்பானதாகக் கொள்வதால், இரு அறிக்கைகளிலும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி அச்சாகியிருக்கிறது. மருத்துவப் பதிவிலுள்ள நோய்களுக்கும் பரிசோதனை மாற்றங்களுக்கும் உரிய குறியீடுகளை இடும் மெடிக்கல் கோடிங் பணியில் புதிதாகச் சேர்ந்தவர் இந்த அம்புக்குறியைக் கண்டதும் குறியீட்டைத் தேடத் தொடங்கிவிடுவார். அவசரம் வேண்டாம், அடுத்த இரண்டு வரிகளையும் படியுங்கள்.

மொத்தப் புரதம் என்பது அல்புமின், குளோபுலின் என்ற இரு பகுதிகளின் கூட்டுத்தொகை. முதல் அறிக்கையில் அல்புமின் 5.6, குளோபுலின் 3.5. இரண்டாவதில் அல்புமின் 3.6, குளோபுலின் 5.5. கூட்டுத்தொகை ஒன்றுதான், ஆனால் உடலுக்குள் நடப்பது முற்றிலும் வேறு. அல்புமின் உயர்ந்திருந்தால் மருத்துவர்கள் முதலில் நினைப்பது நீரிழப்பையே. வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையும்போது, புரதம் புதிதாக உண்டாகாமலேயே அதன் செறிவு கூடிவிடுகிறது. இரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் பட்டையை நெடுநேரம் இறுக்கி வைத்திருந்தாலும் இதே போன்ற உயர்வு தோன்றலாம். குளோபுலின் மட்டும் கூடியிருப்பது வேறு கதை: நாட்பட்ட தொற்று, கல்லீரல் நோய், தன்னெதிர்ப்பு நோய் ஆகியவற்றில் ஒன்றோ, எலும்பு மஜ்ஜையில் எதிர்ப்புரதங்களை (ஆன்டிபாடி) உண்டாக்கும் பிளாஸ்மா செல்களில் ஒரே குலத்தைச் சேர்ந்தவை பெருகியிருப்பதோ காரணமாகலாம். மொத்தப் புரதத்திலிருந்து அல்புமினைக் கழித்து வரும் மீதி 4 கிராமுக்கு மேல் இருந்தால், பல மருத்துவர்கள், மின்புலத்தில் புரதங்களை வகைவகையாகப் பிரித்துக் காட்டும் புரத எலக்ட்ரோஃபோரிசிஸ் பரிசோதனைக்கு எழுதுவார்கள்.

[திரையில்: எலக்ட்ரோஃபோரிசிஸ் வரைபடம்]

இந்த வரைபடத்தின் வலது ஓரத்திலுள்ள காமா பகுதியைக் கவனியுங்கள். அங்கே அகன்ற மேடு எழுந்தால், பல குலச் செல்கள் சேர்ந்து எதிர்ப்புரதங்களைச் சுரக்கின்றன என்று பொருள், அதைப் பாலிகுளோனல் என்பார்கள். ஊசிமுனை போன்ற ஒடுங்கிய சிகரம் எழுந்தால் அது மோனோகுளோனல், அதாவது ஒரே குலச் செல்கள் சுரக்கும் எம் புரதம். இரத்தம் உறைந்தபின் பிரியும் நீரான சீரத்துக்குப் பதிலாக, உறையாத இரத்தத்தின் நீரான பிளாஸ்மாவைச் சோதித்துவிட்டால், அதிலுள்ள உறைதல் புரதமான ஃபைப்ரினோஜன் பீட்டாவுக்கும் காமாவுக்கும் இடையே ஒரு கோடாக நின்று எம் புரதத்தைப் போலவே ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி குறியீட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பின் விதிகளையே இங்கே பின்பற்றுகிறோம். உள்நோயாளியின் பதிவில் ஆய்வக எண் இயல்புக்கு மாறாக இருக்கிறது என்பதற்காக மட்டும் குறியீடு இடக்கூடாது, அந்த மாற்றத்துக்கு மருத்துவ முக்கியத்துவம் உண்டு என்று சிகிச்சையளிப்பவர் எழுதியிருக்க வேண்டும். அம்புக்குறியை அச்சிட்டது ஆய்வகத்தின் இயந்திரம், அதை நோயாக மொழிபெயர்க்கும் உரிமை கோடருக்கு இல்லை.

மருத்துவர் எழுதிய சொல் எதுவோ, அதைப் பொறுத்தே குறியீடு மாறுகிறது. பிளாஸ்மா புரதத்தில் மாற்றம் என்று பொதுவாக எழுதி, வகையைச் சொல்லாமல் விட்டிருந்தால் ஆர் 77.9. குளோபுலினில் மாற்றம் என்றால் ஆர் 77.1. ஹைப்பர்புரோட்டினீமியா என்ற சொல்லையே எழுதியிருந்தால், அகரவரிசை அட்டவணை உங்களை ஈ 88.09-க்கு அனுப்பும். பொதுப்பேச்சில் ஒரே பொருள் தரும் சொற்கள், தொகுப்பில் வெவ்வேறு அத்தியாயங்களில் போய் விழுகின்றன. ஆர் 77-இன் கீழுள்ள விலக்குக் குறிப்பின்படி, இதே மாற்றத்துக்கு ஈ 88.0 வகையையும் சேர்த்து இடக்கூடாது. பாலிகுளோனல் உயர்வுக்கு டி 89.0, எம் புரதம் தோன்றும் நிலையான மோனோகுளோனல் காமோபதிக்கு டி 47.2. சிறுநீரில் புரதம் வெளியேறுவது ஆர் 80, சி-ரியாக்டிவ் புரதம் உயர்வது ஆர் 79.82. இவ்விரண்டையும் இரத்தப் புரத உயர்வோடு கலந்துவிடாதீர்கள்.

நான் மிகவும் அஞ்சும் தவறு ஒன்று உண்டு. புறநோயாளியின் பதிவில் "மல்டிபிள் மைலோமாவாக இருக்கலாம்" என்று மருத்துவர் எழுதுகிறார், அதைப் பார்த்துக் கோடர், பிளாஸ்மா செல்களின் புற்றுநோயான அந்த மைலோமாவுக்குரிய சி 90.00 குறியீட்டை இட்டுவிடுகிறார். புறநோயாளிப் பதிவில் ஐயத்துக்குரிய நோயைக் குறியிடக்கூடாது, உறுதியாகத் தெரிந்த அறிகுறி அல்லது பரிசோதனை மாற்றத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உள்நோயாளியாக இருந்தவர் வீடு திரும்பும்போது எழுதப்படும் இறுதிக் குறிப்பில் அதே ஐயம் நீடித்தால், அப்போது அதை உறுதியான நோய்போல் குறியிட விதி இடமளிக்கிறது. இந்த வேறுபாட்டை மறந்தால், புற்றுநோயே இல்லாத ஒருவரின் பதிவில் புற்றுநோய் ஏறிவிடும், அவர் அடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரும் அதைப் படித்து நம்புவார், காப்பீட்டு நிறுவனமும் நம்பும்.

மோனோகுளோனல் காமோபதிக்கும் மைலோமாவுக்கும் இடையிலான கோட்டையும் மருத்துவரே வரைய வேண்டும். எம் புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழும், மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 10 சதவீதத்துக்குக் கீழும் இருந்து, உறுப்புச் சேதமும் இல்லாதவர்களைக் கண்காணிப்பில் மட்டும் வைக்கிறார்கள். அவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதத்தினருக்கே அது மைலோமாவாகவோ அதனோடு தொடர்புடைய நோயாகவோ மாறுகிறது. மைலோமா உறுதியான பின்னரும் குறியீட்டின் கடைசி இலக்கம் முக்கியம்: நோய் தணியாத நிலைக்கு 0, தணிந்த நிலைக்கு 1, மீண்டும் தலைதூக்கிய நிலைக்கு 2. "மைலோமா இருந்தது" என்று மட்டும் எழுதியிருந்தால், நோய் தணிந்த நிலையா, முடிந்துபோன பழைய வரலாறா என்று தெரியாது, பழைய வரலாற்றுக்கு இசட் 85.79 என்ற தனிக் குறியீடு இருக்கிறது.

இப்படிப்பட்ட இடங்களில் ஊகிக்காமல் மருத்துவருக்குக் க்வெரி, அதாவது விளக்கம் கேட்கும் எழுத்துக் கேள்வி, அனுப்புங்கள். "நோயாளிக்கு மோனோகுளோனல் காமோபதி இருக்கிறதா?" என்று கேட்பது விடையை நீங்களே ஊட்டுவதாகும். "மொத்தப் புரதம் 9.1, குளோபுலின் 5.5, எலக்ட்ரோஃபோரிசிஸ் செய்யப்பட்டுள்ளது. இம்மாற்றத்தின் மருத்துவ முக்கியத்துவத்தையும், தெரிந்தால் காரணத்தையும் பதிவு செய்யவும்" என்று எழுதினால், உண்மைகளை முன்வைத்து முடிவை அவரிடமே விடுகிறீர்கள்.

[திரையில்: மீண்டும் அதே இரண்டு அறிக்கைகள்]

முதல் நோயாளியின் குறிப்பில் மருத்துவர், "வயிற்றுப்போக்கால் நீரிழப்பு, அதனால் புரத உயர்வு, திரவம் ஏற்றியபின் 7.4" என்று எழுதியிருக்கிறார். புரத உயர்வு நீரிழப்பிலேயே அடங்கிவிட்டதால், அதற்கெனத் தனிக் குறியீடு தேவையில்லை, நீரிழப்புக்கு ஈ 86.0 இடுகிறோம். இரண்டாமவரின் குறிப்பில் 9.1 என்ற எண்ணைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவருடைய பதிவை மூடாமல், க்வெரிக்குப் பதில் வரும்வரை நிறுத்தி வைக்கிறோம்.