பூ கொட்டுது, காய் நிற்கலையா? வெண்ணெய்ப் பழ மரம் நடும் முன் இதைப் பாருங்க!

ஒரே பூ. இன்று காலை அது பெண். நாளை மதியம் அதே பூ ஆண்! ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வெண்ணெய்ப் பழ மரம், அதாவது பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) மரம் வைத்திருப்பவர்கள், வைக்கப் போகிறவர்கள், கடைசி வரை பாருங்கள். மரம் நிறையப் பூத்தும் காய் பிடிக்கவில்லை என்றால், உர மூட்டையைத் தூக்கும் முன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

பின்னணி சுருக்கமாக: சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். பிரியாணிக்குப் போடும் பட்டையும் பிரிஞ்சி இலையும் இதன் குடும்பம்தான். சரி, பூவுக்கு வருவோம்.

[திரையில்: பூ, மிக நெருக்கத்தில்]

அகலம் ஒரு சென்டிமீட்டர் இருக்கும், மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். நடுவில் பெண் பாகமான ஒரே சூலகம், சுற்றிலும் மகரந்தம் தரும் ஆண் பாகமான ஒன்பது கேசரங்கள். முதல் முறை விரியும்போது கேசரங்கள் வெளிப்பக்கம் சாய்ந்து படுத்திருக்கும், சூலகத்தின் நுனியான வெள்ளைச் சூல்முடி மட்டும் நிமிர்ந்து நிற்கும். மகரந்தம் வாங்கிக்கொள்ளும் நேரம் இது. சில மணி நேரத்தில் பூ மூடிவிடும். மறுநாள் திரும்ப விரியும்போது கேசரங்கள் எழுந்து நிற்கும். ஒவ்வொரு மகரந்தப் பையிலும் நான்கு குட்டிக் கதவுகள் மேல்பக்கமாகத் திறந்து, மகரந்தத்தை வெளியே நீட்டும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், அவ்வளவு அழகு!

இன்னும் ஒரு ஆச்சரியம், மரம் முழுக்க இதே நேரக் கணக்குதான். ஏ வகை மரம் காலையில் பெண், மறுநாள் மதியம் ஆண். பி வகை மதியம் பெண், மறுநாள் காலை ஆண். ஹாஸ் ரகம் ஏ, ஃபுவெர்ட்டே ரகம் பி. இரண்டும் பக்கத்தில் இருந்தால் காலையில் பி மகரந்தம் கொடுக்க ஏ வாங்கும், மதியம் ஏ கொடுக்க பி வாங்கும். குளிர், மேகமூட்டம் வந்தால் இந்த நேரம் முன்பின் ஆகும். அதனால் ஒற்றை மரத்திலும் கொஞ்சம் காய் பிடிக்கலாம். ஆனால் ஆயிரம் பூவில் ஒன்று காயாக நின்றாலே நல்ல காய்ப்பு எனும்போது, அதிர்ஷ்டத்தை நம்பி ஏன் உட்கார வேண்டும்?

சந்தூர் பக்கம் மாங்கன்று வாங்கப் போனால் பெங்களூராவா செந்தூராவா என்று கேட்காமல் கை வைப்போமா? இதற்கும் அப்படியே கேளுங்கள்: ஏ-வா, பி-யா? வெறுமனே ‘பட்டர் ஃப்ரூட் கன்று’ என்று தந்தால் வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. விதைக் கன்றில் தாய் மரத்தின் குணம் அப்படியே வராது, ஒட்டுக்கன்றே நல்லது. பூக்கும் காலத்தில் மருந்து அடித்துத் தேனீயை விரட்டாதீர்கள். தண்ணீர் தேங்கினால் வேரழுகல் வரும். அப்புறம், ஆடு வளர்ப்பவர்கள் கவனியுங்கள்: இதன் இலை ஆட்டுக்கு விஷம். கழித்த கிளையைப் பட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

இப்போது வெங்காயம். இங்கே எல்லாம் தலைகீழ்!

[திரையில்: வெங்காயப் பூத்தண்டு]

தண்டின் உச்சியில் காகிதம் போன்ற உறை கிழிந்து, நூற்றுக்கணக்கான வெள்ளைப் பூக்கள் பந்தாக வரும். ஒரு பூவில் ஆறு கேசரங்கள். உள்வரிசை மூன்றும் முதலில் மகரந்தம் உதிர்க்கும், பிறகு வெளிவரிசை. அதெல்லாம் முடிந்த பிறகுதான் பெண் பாகமான சூல்தண்டு நீண்டு மகரந்தம் வாங்கத் தயாராகும். முதலில் ஆண், பிறகு பெண். பந்தில் எல்லாப் பூவும் ஒரே நாளில் விரியாததால், தேனீ ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டு சேர்க்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது. 1925இல் கலிபோர்னியாவின் டேவிஸில் ஹென்றி ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கட்டும் என்று சிவப்பு வெங்காயப் பூக்களை உறை போட்டு மூடினார். ஒரு செடியில் மட்டும் விதையே இல்லை, ஏனென்றால் அதற்கு நல்ல மகரந்தமே கிடையாது. ஆனால் அதன் பூப்பந்துக்குள் குட்டி வெங்காயக் குமிழ்கள் முளைத்திருந்தன. அவற்றை நட்டு அந்தச் செடியைக் காப்பாற்றினார். மகரந்தம் இல்லாத செடியைத் தாயாக வைத்தால் வேறு ரகத்தோடு கலப்பது சுலபம். இன்றைய கலப்பின வெங்காய விதைக்கு அந்த ஒற்றைச் செடிதான் ஆரம்பம்!

நம் சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் காயாகவே நடுகிறோம். ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான கிலோ விதைக்காய் வேண்டும், விலை ஏறிய வருடம் அதுவே பெரிய செலவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ ஆன் 5 ரகம் நன்றாகப் பூத்து விதை வைக்கும். விதையாக விட்டு நாற்று எடுத்து நட்டால், மூட்டைக் கணக்கு ஓரிரு கிலோவுக்கு இறங்கிவிடும்.

பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் யாராவது சின்ன வெங்காயத்தை விதை மூலம் பயிர் செய்திருந்தால், எந்த மாதம் விட்டீர்கள், நாற்று எப்படி வந்தது என்று கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோவில் நாற்றங்காலைப் பார்ப்போம்.