இரவைத் திருப்பிக் கேட்ட பாட்டு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மெக்சிகோ ராப் கொண்டாடுவது கலகமா, சீரழிவா என்பது இன்றைய தலைப்பு. கலகமே என்று பேச வந்திருக்கிறேன். "பாட்டைப் போட்டால் பீர், கஞ்சா, விடிய விடியக் கூத்து. இதில் எங்கே கலகம்?" என்று எதிரணித் தோழி கேட்டார். சரி, அவரை மான்டெரே நகருக்குக் கூப்பிடுகிறேன்.

வடக்கு மெக்சிகோவின் தொழில் நகரம் அது. 1900-இல் தொடங்கிய எஃகு ஆலை 1986-இல் இழுத்து மூடப்பட்டது. அந்த ஊரில் வளர்ந்த பையன்கள்தான் பத்து வருடம் கழித்து கொன்ட்ரோல் மச்செதே என்று ராப் குழு சேர்ந்தார்கள். பக்கத்து சாந்தா கத்தரினாவிலிருந்து கார்டெல் தே சாந்தா என்ற ராப் குழு கிளம்பியது. தெருமுனைப் பேச்சு, கெட்ட வார்த்தையோடு சேர்ந்தே மேடை ஏறியது.

அப்புறம் 2011 வந்தது. போதைக் கும்பல்களின் சண்டை ஊருக்குள் புகுந்தது. மே மாதம், பாட்டு கேட்கக் கூடும் கஃபே இகுவானாவில் துப்பாக்கிச் சூடு. ஆகஸ்டில் காசினோ ரொயால் சூதாட்ட விடுதிக்குத் தீ வைத்தார்கள். 52 பேர் செத்தார்கள், நடுவர் அவர்களே! இருட்டினால் வெளியே போகவே பயந்த ஊர் அது. அங்கே ஒருவன் "இன்று இரவு நம்முடையது, வா, ஆடலாம்" என்று பாடினால், அவன் யாரை எதிர்த்துப் பாடுகிறான் என்று அந்த ஊர்க்காரனுக்குத் தெரியும்.

தோழி பீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரிய பாட்டிலுக்கு அங்கே காகுவாமா என்று பேர். கடலாமை என்று அர்த்தம். ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கும். வாசற்படியில் நாலு பேர் உட்கார்ந்து கைமாற்றிக் குடிப்பார்கள். பாருக்குப் போகக் காசில்லாதவனின் விருந்து அது. கஞ்சா விஷயத்தில், சொந்த உபயோகத்துக்கான முழுத் தடை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று மெக்சிகோ உச்ச நீதிமன்றமே 2021-இல் அறிவித்துவிட்டது.

கூத்தும் கலகமும் ஒரே தொண்டையிலிருந்து வரும் என்பதற்கு ராப்பும் ராக்கும் கலந்து பாடும் மெக்சிகோவின் மொலோதோவ் குழு சாட்சி. 1997-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தை விற்கப் பெரிய கடைகள் மறுத்தன. பையன்கள் தெருவில் இறங்கித் தாங்களே விற்றார்கள். கேலியும் ஆபாசமும் நிரம்பிய அதே ஆல்பத்தில்தான், 1929 முதல் ஒரே கட்சி ஆண்ட நாட்டில், அதிகாரத்தை மக்களிடம் கொடு என்று கேட்ட பாட்டும் இருந்தது. ஒழுக்கமான பாட்டு மட்டும் போதும் என்றிருந்தால் அந்தக் குரலும் வந்திருக்காது.

பெண்களை மட்டமாகப் பேசும் வரிகள் இதில் நிறைய உண்டு. அவற்றுக்காக நான் வாதாட மாட்டேன், எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் தெற்கு மெக்சிகோவின் வஹாகா மாநிலத்து சாபோதெக் பழங்குடிப் பெண் மாரே அத்வெர்தென்சியா லிரிகா ராப்பை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. அதே மைக்கைப் பிடித்து, பெண்கள்மீது நடக்கும் வன்முறையைப் பாடிக்கொண்டிருக்கிறார். அவர் பாட்டையும் ஒருமுறை கேளுங்கள், தோழி.

நன்றி, வணக்கம்.