தின்னர் டின்னில் இருக்கும் தீச்சுடர்ப் படம்

நேயர்களுக்கு வணக்கம். பெயின்ட் கடையில் தின்னர் வாங்கும்போது டின்னில் ஒரு தீச்சுடர்ப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தைப் போட வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் முடிவு செய்கிறது. அதுதான் ஃப்ளாஷ் பாயின்ட்.

எரிவது திரவம் அல்ல, அதிலிருந்து எழும் ஆவி. சுடரைக் காட்டியதும் குப்பென்று பற்றுகிற அளவுக்கு ஆவி சேரும் மிகக் குறைந்த வெப்பநிலைதான் இது. பெட்ரோலுக்கு மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் பக்கம், அசிட்டோனுக்கு மைனஸ் 20, எத்தனாலுக்கு 13.

எங்கள் ஆய்வகத்தில் இதற்குப் பென்ஸ்கி-மார்ட்டென்ஸ் என்ற கருவி இருக்கிறது. மூடி போட்ட பித்தளைக் கிண்ணத்தில் திரவத்தைக் கலக்கியபடியே நிமிடத்துக்கு 5, 6 டிகிரி வீதம் சூடேற்றுவோம். டிகிரிக்கு ஒரு முறை கலக்குவதை நிறுத்துவோம். மூடியில் சின்ன ஜன்னல் திறக்கும், சுடர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். பரப்பு முழுக்க நெருப்பு பரவினால்தான் கணக்கு. அதற்கு முன்பே சுடரைச் சுற்றி ஒரு நீல ஒளிவட்டம் தெரியும். புதிதாக வருபவர்கள் ஏமாறுவது அதில்தான்.

அதைவிடக் கவனம் மாதிரியைக் கையாள்வதில் வேண்டும். பாட்டிலைச் சும்மா திறந்து வைத்தால் லேசான ஆவிகள் முதலில் போய்விடும். எண் கூடும், ஆபத்தான சரக்கு சாதுவாகத் தெரியும். அதனால் குளிரவைத்துத்தான் திறப்போம். காற்றழுத்தமும் உண்டு: ஊட்டியில் அளந்தால் சென்னையைவிட ஏறக்குறைய 6 டிகிரி குறைவாகக் காட்டும், திருத்திதான் எழுத வேண்டும்.

திறந்த கிண்ணத்தில் அளந்தால் ஆவி தப்பிவிடும், எண் ஏறிவிடும். பெட்ரோலிய எண்ணெய் ஆபத்தானதா என்று பிரிக்க, பிரிட்டனில் முதலில் திறந்த கிண்ணத்தில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்று எல்லை வைத்திருந்தார்கள். வேதியியலாளர் ஃப்ரெடரிக் ஏபெலின் மூடிய கிண்ணம் 1879இல் சட்டத்துக்குள் வந்தபோது, அந்த எல்லையை 73 ஆக்கினார்கள். எண்ணெய் மாறவில்லை, கிண்ணம்தான் மாறியது!

அந்த 73 ஃபாரன்ஹீட் கிட்டத்தட்ட 23 செல்சியஸ். நம் பெட்ரோலியச் சட்டத்திலும் 23க்குக் கீழே ஏ வகுப்பு, 23 முதல் 65க்குள் பி, 65 முதல் 93க்குள் சி. குளிர் நாட்டுக்கு 23 சரி. சென்னையில் மே மாதம் 40ஐத் தாண்டுகிறதே? நம் டீசலுக்குத் தர நிர்ணயம் கேட்பது குறைந்தபட்சம் 35 டிகிரிதான். தகரக் கொட்டகையில் பேரலை வைத்தால் மத்தியானத்துக்குள் அந்த வெப்பம் வந்துவிடும். என்னைக் கேட்டால், வெயில் காலத்தில் பி வகுப்புச் சரக்கையும் ஏ மாதிரியே பூட்டி வைக்கச் சொல்வேன்.

சரி, ரசாயனம் வாங்குகிறவர்கள் அதன் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். 9ஆவது பிரிவில் ஃப்ளாஷ் பாயின்ட் இருக்கும். பக்கத்தில் மூடிய கிண்ணமா, திறந்த கிண்ணமா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் விற்றவரிடமே கேளுங்கள். நன்றி, வணக்கம்.