ஒரு லேப்டாப்பில் நெட் வருகிறது, இன்னொன்றில் வரவில்லையா?

வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஒரே வைஃபை, இரண்டு லேப்டாப். ஒன்றில் யூடியூப் நன்றாக ஓடுகிறது, இன்னொன்றில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த நேரத்தில் ரூட்டரின் ரீசெட் ஓட்டையில் மட்டும் ஊசியை விட்டுவிடாதீர்கள். உள்ளே போட்டு வைத்த செட்டிங் எல்லாம் அழிந்து, ஓடுகிற லேப்டாப்பும் நின்றுவிடும்.

ஒன்றில் நெட் வருகிறது என்றால் வெளியிலிருந்து வரும் லைன் நன்றாக இருக்கிறது. கோளாறு அந்த இன்னொரு லேப்டாப்பில், அல்லது அதற்கும் ரூட்டருக்கும் நடுவில். இதுதான் பெரிய துப்பு. நல்ல லேப்டாப்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதோ, இரண்டிலும் சிஎம்டி (விண்டோஸில் கட்டளை அடிக்கும் ஜன்னல்) திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடிக்கிறேன். ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியைக் கவனியுங்கள், நெட்வொர்க்கில் அந்த லேப்டாப்பின் முகவரி அது. நல்லதில் 192.168.1 என்று தொடங்குகிறது. மற்றதில் 169.254. ரூட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் வராததால் விண்டோஸ் தானாக வைத்துக்கொண்ட எண் அது. அதை வைத்து வெளியே போக முடியாது. அந்த வைஃபை பெயரை ஃபர்கெட் கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டு போட்டு மறுபடி இணையுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆஃபீஸ் லேப்டாப் என்றால், யாராவது கையால் ஐபி போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதை ஆட்டோமேட்டிக்காக மாற்றினால் போதும்.

முகவரி சரியாக இருந்தும் நெட் இல்லையா? அதே சிஎம்டியில் பிங் 8.8.8.8 (ping 8.8.8.8) அடியுங்கள், வெளியே இருக்கும் கூகுள் சர்வரின் எண் அது. பதில் வந்து, வெப்சைட் மட்டும் திறக்கவில்லை என்றால், வெப்சைட் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பக்கம் சந்தேகப்படுங்கள். நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ் என்ற இடத்தில் அதே 8.8.8.8 போட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு லேப்டாப்பில் வைஃபை பெயர் தெரியும், இன்னொன்றில் பெயரே வராது. வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வரும்; பழைய லேப்டாப் சிலவற்றில் 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது, 2.4 மட்டும்தான். அந்த 2.4-லும் ரூட்டர் 12 அல்லது 13-ஆவது சேனலுக்கு (அலைவரிசைக்குள் இருக்கும் சிறு பிரிவு) போயிருந்தால், அமெரிக்காவுக்கென்று செட் செய்த லேப்டாப்புகள் அதைப் பார்க்காமல் போகலாம். ரூட்டர் செட்டிங்கில் சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 இவற்றில் ஒன்றை வையுங்கள். இந்த மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், பக்கத்து வீட்டு ரூட்டர்களும் அதே 2.4-ல்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும்.

அப்புறம், ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் வருகிறது, உள் ரூமில் வரவில்லை என்றால் சுவர்தான் காரணம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் பலவீனமாகிவிடும். அந்த ரூமில் இருக்கும் லேப்டாப்பை 2.4-க்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டிலும் நெட் வருகிறது, ஃபைல் மட்டும் ஷேர் ஆகவில்லையா? இரண்டிலும் நெட்வொர்க்கை பிரைவேட் என்று மாற்றுங்கள். ஏதாவது ஒன்று கெஸ்ட் வைஃபையில் இருந்தால் வெளியே எடுங்கள்.

சரி, இரண்டிலுமே நெட் இல்லை, ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிகிறதா? லேப்டாப்பைத் தொடவே வேண்டாம், கேபிளில்தான் சிக்னல் இல்லை. கஸ்டமர் கேருக்குப் போன் செய்ததும் முதலில் அந்தச் சிவப்பு விளக்கைச் சொல்லுங்கள், ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி நேரத்தை ஓட்டாமல் லைன்மேனை அனுப்புவார்கள்.