இல்லாத ஆய்வாளர் வாங்கிய 94

வணக்கம் நேயர்களே.

ஐக் அன்ட்கேர் என்றொரு கணினி அறிவியல் ஆய்வாளர். 2010 வாக்கில், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடவும் அவற்றின் மேற்கோள்களை எண்ணவும் உதவும் கூகுள் ஸ்காலரில் அவருடைய எச்-இண்டெக்ஸ் 94. வாழ்நாளெல்லாம் உழைத்தவர்களில் பலர் எட்டாத எண். ஒரே ஒரு குறை, அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை.

அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்த எச்-இண்டெக்ஸ். ஓர் ஆய்வாளரின் தாக்கத்தை ஒரே எண்ணில் அளக்க, 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. ஒருவர் 6 கட்டுரை எழுதியிருக்கிறார். அவற்றை மற்றவர்கள் மேற்கோள் காட்டியது முறையே 40, 22, 9, 5, 4, 1 தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். நாலாவது கட்டுரைக்கு 5 மேற்கோள். நாலுக்குக் குறையவில்லை, சரி. ஐந்தாவதுக்கு 4தான். அங்கே நின்றுவிடும். ஆக, அவருடைய எண் 4. இப்போது முதல் கட்டுரையின் 40-ஐ 4,000 ஆக்குங்கள். அப்போதும் 4தான்! ஒரே கட்டுரையால் துறையையே புரட்டிப் போட்டவருக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

கணினி அறிவியலில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே முக்கியமான வேலை பலவும் மாநாட்டுக் கட்டுரையாகத்தான் முதலில் வெளிவரும். ஆய்விதழ்களை மட்டும் எண்ணினால் நல்ல ஆளும் சோனியாகத் தெரிவார். பிரிவுக்குப் பிரிவு கூட்டமும் வேறு. இயந்திரக் கற்றலில் டிரான்ஸ்ஃபார்மர் என்ற செயற்கை நுண்ணறிவு வடிவமைப்பை அறிமுகப்படுத்தி 2017-ல் வந்த கட்டுரை ஒரு லட்சம் மேற்கோளைத் தாண்டிவிட்டது. நிரல்மொழிக் கோட்பாட்டில் எவ்வளவு ஆழமாக எழுதினாலும் அந்தப் பக்கம் போக முடியாது. மேற்கோள் காட்ட அங்கே அத்தனை பேர் இல்லை.

சரி, அன்ட்கேருக்கு வருவோம். பெயரை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், 'ஐ கான்ட் கேர்' என்று கேட்கும். அவரைப் படைத்தவர் பிரான்சின் கிரெனோபிளில் இருந்த சிரில் லாபே. அர்த்தமில்லாத கட்டுரைகளைத் தானாகவே எழுதித் தள்ளும் நிரல் ஒன்றை அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் 2005-லேயே செய்திருந்தார்கள். அதை வைத்து 100-க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் தயாரித்து, ஒன்றையொன்று மேற்கோள் காட்டும்படி கோத்து, இணையத்தில் போட்டார் லாபே. ஸ்காலர் வந்து சமர்த்தாக எண்ணிவிட்டுப் போனது.

ஆள்தேர்வில் உட்காரும்போது நானும் விண்ணப்பித்தவரின் எச்-இண்டெக்ஸைப் பார்ப்பேன், பொய் சொல்லவில்லை. அப்புறம், அவரை மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் நாலைந்தைத் திறந்து, பெயர் வரும் வாக்கியத்தைத் தேடிப் படிப்பேன். ஒன்றில், 'இதைப் பலரும் ஆராய்ந்துள்ளனர்' என்று எழுதி ஒரே அடைப்புக்குறிக்குள் 15 பேரைத் திணித்திருப்பார்கள், நம்மவர் பதினொன்றாவது. இன்னொன்றில், அவருடைய முறையை வைத்தே முழுச் சோதனையும் நடந்திருக்கும். மூன்றாவதில், அந்த முறை ஏன் தவறு என்று இரண்டு பக்கம் விளாசியிருப்பார்கள். ஸ்காலர் கணக்கில் மூன்றுக்கும் தலைக்கு 1.