காப்பி குடித்த லண்டன் டீக்கு மாறிய கதை

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்துக்காரர் என்றாலே டீக்கோப்பையும் கையுமாகத்தான் நமக்கு நினைவுக்கு வருகிறார். ஆனால் 350 வருடங்களுக்கு முன் லண்டனுக்குப் போயிருந்தால் தெருவுக்குத் தெரு காப்பிதான் மணந்திருக்கும். 1652இல் பாஸ்குவா ரோசே என்பவர் கார்ன்ஹில் பக்கம் ஒரு சந்தில் நகரின் முதல் காப்பிக் கடையைத் திறந்தார். அப்புறம் கடைகள் பெருகின. ஒரு பென்னி கொடுத்தால் உள்ளே போகலாம். காப்பி குடித்துக்கொண்டே செய்தித்தாள் படிக்கலாம், அரசியல் பேசலாம். பெண்களுக்கு மட்டும் அந்த மேசைகளில் இடமில்லை. கப்பல் வணிகர்கள் கூடிய எட்வர்ட் லாய்டின் கடையிலிருந்துதான் லாய்ட்ஸ் என்ற காப்பீட்டுச் சந்தை பிறந்தது. ஜோனதன்ஸ் என்ற கடையில் பங்கு விற்றவர்கள்தான் பின்னால் லண்டன் பங்குச் சந்தையாக வளர்ந்தார்கள்.

இவ்வளவு பேர் கூடிப் பேசினால் அரசருக்குத் தூக்கம் வருமா? 1675 டிசம்பர் கடைசியில் இரண்டாம் சார்லஸ் காப்பிக் கடைகளை மூடச் சொல்லி ஆணை போட்டார். ஜனவரி 10 முதல் அமல். ஊரே கொதித்தது. அமலுக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஆணை வாபஸ்!

அரசரால் முடியாததைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குப் புத்தகம் செய்தது என்பது என் கட்சி. காப்பிக்கு ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்தை நம்ப வேண்டும். போதாததற்கு டச்சுக்காரர்கள் ஜாவாவில் பயிரிட்டுப் போட்டிக்கு வந்துவிட்டார்கள். சீனத் தேயிலையோ, பிரிட்டனைப் பொறுத்தவரை கம்பெனியின் ஏகபோகம். லாபம் எங்கே இருக்கிறதோ அந்தச் சரக்குதானே கப்பலில் ஏறும்?

அரசாங்கமும் தன் பங்குக்கு வரியை ஏற்றிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் 119 சதவீதம். கேட்க வேண்டுமா, கடற்கரை முழுக்கக் கள்ளக்கடத்தல். கலப்படம் அதைவிட மோசம்: ஆஷ் மரத்து இலையைக் காயவைத்து, மிதித்து, ஆட்டுப்புழுக்கையோடு ஊறவைத்துத் தேயிலையோடு கலந்தார்கள். ரிச்சர்ட் ட்வைனிங் என்ற வியாபாரி, வரியைக் குறைத்தால் கடத்தல் தானாக ஒழியும் என்று பிரதமர் பிட்டிடம் வாதாடினார். 1784இல் வரி 12.5 சதவீதமானது. விழுந்த துண்டை எப்படி ஈடுகட்டினார்கள் தெரியுமா? வீட்டு ஜன்னல்களுக்குப் போட்டிருந்த வரியை உயர்த்தினார்கள்! எப்படியோ, டீ ஏழை வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. பிரபுக்கள் வீட்டு மாலை நேர டீ விருந்தெல்லாம் அதற்கு அரை நூற்றாண்டு கழித்து வந்த அலங்காரம்.

இதில் நம்மவர்கள் கதையும் இருக்கிறது. இலங்கை மலைகளில் ஆங்கிலேயர் முதலில் போட்டது காப்பித் தோட்டங்களே. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போனவர்கள் அறுவடைக் காலத்தில் போய், வேலை முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். 1869இல் காப்பி இலையில் துருநோய் தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்குள் தோட்டங்கள் அழிந்தன. ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை 1867லேயே அங்கே லூல்கந்துரா தோட்டத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். துரைமார்கள் எல்லாரும் அதற்குத் தாவினார்கள். தேயிலையில் கொழுந்து வருடம் முழுக்க எடுக்க வேண்டும். அதனால் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக, லயன் என்ற வரிசை வீடுகளின் அறைகளில் தங்கிவிட்டார்கள். லண்டன் தொழிலாளிக்கு டீ மலிவாகக் கிடைத்ததன் மறுபக்கம், மலையகத்து எட்டடிக் காம்பராவில் இருந்தது.

இரண்டாம் உலகப்போர் வந்தபோது டீ அரசாங்கத்தின் பெரிய கவலையாகிவிட்டது. 1940இல் ரேஷன் வைத்தார்கள்: ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ், சுமார் 57 கிராம். போர் முடிந்து ஏழு வருடம் கழித்து, 1952இல்தான் அதை எடுத்தார்கள்.

கவலை இன்னும் தீர்ந்தபாடில்லை. 1990 கால்பந்து உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்து பெனால்டியில் மேற்கு ஜெர்மனியிடம் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் நாடே எழுந்துபோய்க் கெட்டிலைப் போட்டதில், மின்தேவை 2,800 மெகாவாட் எகிறியது. இந்த மாதிரி நேரத்துக்குக் கைகொடுப்பதற்கென்றே வேல்ஸில் டினார்விக் நீர்மின் நிலையம் இருக்கிறது. மலைமேல் தேக்கிய நீரைத் திறந்துவிட்டால் சில விநாடிகளில் மின்சாரம். மின்வாரியத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, எது எத்தனை மணிக்கு முடிகிறது என்று குறித்து வைத்துக்கொள்கிறார்கள்.