ஒருவழியாகச் சாமந்தி மொட்டு வைத்துவிட்டது!

வணக்கம் மக்களே. முதலில் இதைப் பாருங்கள். கிட்டக் காட்டுகிறேன், தெரிகிறதா? பட்டாணி அளவுக்குப் பச்சையாக உருண்டு நிற்கிறதே, மொட்டு! "சாமந்தியைக் கீரைக்காகவா வளர்க்கிறீர்கள்" என்று கமெண்டில் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, இதோ பதில்.

இத்தனை நாள் பூக்காமல் இலையாகவே நின்றதற்குக் காரணம் உரமும் இல்லை, பூச்சியும் இல்லை. எதிரே புதிதாகப் போட்ட எல்.இ.டி. தெருவிளக்கு! ராத்திரி முழுக்க மொட்டைமாடியில் பளீரென்று அடிக்கிறது. சாமந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும், அதுவும் நடுவில் விட்டுப்போகாத இருட்டு. இரவு நீள்வதை வைத்துத்தான் அது பூக்கும் பருவத்தையே கண்டுகொள்கிறது. ராத்திரியில் வெளிச்சம் பட்டால் இலையாக விட்டுக்கொண்டே போகும். பசுமைக்குடில் விவசாயிகள் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். ராத்திரி பல்பு போட்டு, சந்தைக்குத் தேவைப்படும் நாள் வரை பூவைத் தள்ளிப்போடுகிறார்கள்.

இருங்கள், முக்கியமானதை விட்டுவிட்டு ஓடுகிறேன். எப்படிக் கண்டுபிடித்தேன்? ஒரே நர்சரி, ஒரே மண்கலவை. இடமில்லாமல் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒதுக்கியிருந்த ஒரு தொட்டி மட்டும் கார்த்திகையிலேயே பூத்துவிட்டது. தெருப்பக்கம் இருந்ததெல்லாம் வெறும் இலை. ராத்திரி போய் நின்று பார்த்தால், டேங்கின் நிழல் சரியாக அந்தத் தொட்டி மேல் விழுகிறது! உடனே எல்லாவற்றையும் அங்கே இழுத்துப் போட்டேன். இடம் கொள்ளாத தொட்டிகளுக்குக் கறுப்புத் துணி, மீட்டர் 60 ரூபாய். இரண்டாக மடித்து மாலை ஆறு மணிக்குப் போர்த்தி, காலை ஏழு மணிக்கு எடுத்துவிடுவேன். வெறும் 60 ரூபாய்! கடையில் 'பூ டானிக்' என்று 350 ரூபாய் பாட்டிலை நீட்டினார்கள். டானிக் என்றாலே எனக்கு ஆகாது, உங்களுக்குத் தெரியும். இருட்டு வேண்டிய செடிக்கு எந்த பாட்டில் என்ன செய்யும்?

சரி, மற்ற பூக்கள். டிசம்பர் பூ ஊதாவும் வெள்ளையுமாக வேலி நிறைய. வாசனை கிடையாது, ஆனாலும் கேட்காமலே பூக்கிற செடி, எனக்கு உயிர். பவளமல்லி முடியப்போகிறது. விடிகாலையில் உதிர்வதைப் பொறுக்குவதற்கென்றே கீழே வேட்டி விரித்து வைக்கிறேன். பெட்டூனியா போடச் சொல்கிறீர்கள், மாட்டேன். நம் மதுரை வெயில் ஏறியதும் கருகிவிடும்.

மல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டியதைப் பார்த்துப் பதறினீர்களே, இப்போது பாருங்கள், எத்தனை துளிர்! மல்லி புதுக்கிளையில்தான் மொட்டு வைக்கும். மார்ச்சிலிருந்து வாசனை ஆரம்பம். அதுவரை பனியில் வரத்து குறைந்து, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். ஆ, கவாத்து, அதாவது இப்படிக் கிளையை வெட்டிவிடுவது, என்றதும் நினைவு வருகிறது. எல்லாவற்றையும் மல்லியோடு சேர்த்து வெட்டாதீர்கள். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி.

உங்கள் சாமந்தியும் இலையாகவே நிற்கிறதா? இன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மாடிக்குப் போய், எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் விழுகிறது என்று பார்த்துவிட்டுக் கமெண்டில் எழுதுங்கள். இந்த மொட்டு மஞ்சளா அரக்கா என்று நர்சரியில் சொல்லவில்லை. விரிந்ததும் ஷார்ட்ஸில் போடுகிறேன்.